கறுப்புக் கன்று

"காளையைக் கொண்டாந்து கேட்டுல கட்டியிருக்கேன்மா. இனிமே அவனை நீங்களே வச்சுக்குங்க."

தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி நின்ற ஒட்டாசிலியோவை லிண்டால்வா அம்மையார் வியப்புடன் நோக்கினார். அம்மையார் எண்ணூறு வெள்ளைப் பசுக்கள் கொண்ட இறைச்சி மாட்டுப் பண்ணைக்கு உரிமையாளர். அடுத்த வேலிக்காரரான ஒட்டாசிலியோவோ ஒரே ஒரு கறுப்புக் காளைக்கு மட்டுமே உரிமையாளர்.

"முதல்ல உக்காருங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீங்க, இதைக் குடிங்க."

அம்மையார் நீட்டிய கொம்புக் குவளையில் குளிர்ந்த மாத்தே இலைச்சாறு ததும்பியது. அதை அருந்த ஒட்டாசிலியோவுக்கு மனம் வரவில்லை.

"போன வருஷம் யோவான் திருவிழாவுக்குத் தம்பி ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா வேலி பிரிஞ்சு கிடக்கு. இவன் உங்க பசுங்களுக்கு நடுவுல புது மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். சத்தம் காட்டாம ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். இன்னைக்குக் காலையில ரோட்டுல வர்றப்ப பாக்குறேன், உங்க வெள்ளைப் பசு கறுப்புக் கன்னு போட்டிருக்கு. ஒன்பது மாசமா மறைச்சிட்டேன். இதுக்கு மேல முடியலைம்மா."

"சரி, காளையை என்கிட்ட குடுத்துட்டா உங்க வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? ஊர்ப் பசுவுக்கெல்லாம் இவனைக் கூட்டிட்டுப் போய்த்தானே பொழைக்கிறீங்க?"

ஒட்டாசிலியோ குடிக்காத குவளையைக் கீழே வைத்தார்.

அம்மையார் மெல்லச் சிரித்தார். "அது உங்க ஆளு வேலை இல்லண்ணே. டாக்டர் வச்ச கரு. டோராடஸ் ஊர் மாட்டுக் கண்காட்சியில பரிசு வாங்குன கறுப்பு இனம். அந்த வெள்ளைப் பசு வயித்தை வாடகைக்குக் குடுத்தவ, அவ்வளவுதான். திருவிழாவுக்கு மூணு வாரம் முன்னாடியே வச்சாச்சு."

"அப்ப நான் காளையை..."

"தாராளமா ஓட்டிக்கிட்டுப் போங்க."

ஒட்டாசிலியோ நீண்ட பெருமூச்சுடன் தொப்பியை அணிந்துகொண்டார்.

"கொஞ்சம் நில்லுங்க. எத்தனை நாள் உள்ள இருந்தான்?"

"நாலு நாள்மா. ஏன்?"

அம்மையாரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "முப்பது பசுவுக்குக் கரு வச்சோம். ஒவ்வொரு கருவும் ஒரு நல்ல மாட்டு விலை. பதினொண்ணுதான் தங்குச்சு."

அவர் அவசரமாகத் தொப்பியை மீண்டும் கழற்றினார். "மத்ததெல்லாம் இவன் புகுந்துதான் கெட்டுச்சாம்மா?"

"கரு தங்காத பசுவையெல்லாம் வெட்டுக்கு அனுப்ப லாரியே வந்து நின்னுச்சு. ஏத்துறதுக்கு முன்னாடி டாக்டர் கடைசியா ஒருவாட்டி பாத்தா, அதுல ஏழு சினை. எங்க மேய்ச்சல்ல காளையே கிடையாது."

அம்மையார் எழுந்து வாயிற்பக்கம் நின்ற கறுப்பு உருவத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அற்புதம்னு நம்பி அந்தோணியார் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கி மாட்டுனேண்ணே. அதை இவன் கழுத்துலதான் கட்டியிருக்கணும்."