ஐந்து படிகள்

ஊருக்கு வெளியே அந்த மனைப்பிரிவுக்கு வனஜாட்சி குடிவந்தபோது மொத்தம் நான்கே வீடுகள். அவள் வீட்டுக்கு ஐந்து படி ஏற வேண்டும். பஸ் விட்டபோது ரோடு போட்டார்கள், ஒரு படி போனது. மாநகராட்சியில் சேர்த்தபோது இன்னொன்று. பிறகு தேர்தலுக்குத் தேர்தல், பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் ஊற்றினார்கள். இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக முடியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். வானம் இருட்டினாலே அரிசியையும் வீட்டுப் பத்திரத்தையும் பரண்மேல் ஏற்றிவிடுவாள். இன்று காலை மறுபடியும் தார் வாசனை. தெருமுனைக்கு ஓடினாள்.

“சுரண்டிட்டுப் போடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“அந்த மெஷின் வரலைம்மா. அரை அடிதானே ஏறப்போகுது,” என்றார் மேஸ்திரி.

வீட்டுக்குத் திரும்பினாள். எதிரே புதுவீடு கட்டி வந்திருக்கும் பெண், கிரகப்பிரவேச லட்டோடு இவள் வாசலுக்கு இறங்கி வந்தாள்.

“ஏன் ஆன்ட்டி, இவ்வளவு பள்ளத்துலயா வீட்டைக் கட்டினீங்க?”

வனஜாட்சி தெருவை நிமிர்ந்து பார்த்தாள். ரோலர் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் பளபளத்த கிரானைட் படிகளை எண்ணினாள். ஐந்து இருந்தன.