டயரில் ஒரு சந்தேகம்

"இது பஸ்ஸா, கட்டை வண்டியா? எங்கேயும் நிக்காதுன்னு சொல்லி ஏத்திட்டு, இதோட மூணு தடவை நிறுத்தியாச்சு."

கடைசி சீட்டுப் பெரியவர் சத்தம் போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் காதில் வாங்கவில்லை. பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, இரும்புத் தடியோடு இறங்கினான்.

"டயர்ல ஒரு சந்தேகம். பத்து நிமிஷம் ஆகும். இறங்குறவங்க இறங்கிக்கலாம்."

அவன் சீட்டுக்குப் பின்னால் இருந்தவள் முதல் ஆளாக இறங்கி, கழிப்பறைப் பக்கம் ஓடாத குறையாக நடந்தாள்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள் அவள். கண்ணாடி மாற்ற வந்த இந்த டிரைவரோடு பழக்கமாகி, இன்று அவன் ஓட்டும் பஸ்ஸிலேயே அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறாள்.

எல்லாம் சொன்னவள், தன் குடல் நோயை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. எப்போது வயிறு கலக்கும் என்று அவளுக்கே தெரியாது. கலக்கினால் அடக்கவும் முடியாது. ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

முன்பு பழகிய பேங்க்காரரிடம் நம்பிச் சொன்னாள். "அடப் பாவமே" என்றவர், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அந்தப் பயம்தான். நேற்றிலிருந்து பட்டினி கிடந்துதான் பஸ் ஏறினாள். அப்படியும் நடுவழியில், இத்தனை பேர் எதிரில், அவன் எதிரில் மானம் போய்விட்டால்? டயர் புண்ணியத்தில் இதுவரை தப்பித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டு அம்மாள் பொரிந்து தள்ளினார். "வண்டியைச் சரியா பார்த்து எடுக்கத் தெரியாதவனெல்லாம் ஒரு டிரைவர். கம்பெனிக்குப் போன் போட்டு ரெண்டுல ஒண்ணு பார்க்கத்தான் போறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் வயிறு மறுபடி முறுக்கியது. நெற்றி வியர்த்தது. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த டயர் படுத்தக் கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சினாள். மேலே இருந்த கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன. சிரித்து வைத்தாள்.

அடுத்த பங்கில் பஸ் நின்றது. திட்டு இன்னும் பலமாக விழுந்தது.

ஒருவழியாக ஊர் வந்து, எல்லோரும் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள். கண்டக்டர் டிரைவரிடம் வந்தார்.

"என்னண்ணே இது? காலையிலதான் எல்லா டயரும் புதுசா மாட்டினோம். அதுல என்ன சந்தேகம்? ஆளுங்க முன்னாடி கேக்க வேணாம்னு இருந்தேன். புகார் போனா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

"போனா போகட்டும். நீ போய்ச் சாப்பிடு."

கண்டக்டர் போனதும், கேட்டுக்கொண்டிருந்தவள் அவனிடம் வந்தாள்.

"உங்களுக்கு... எப்பத்திலேருந்து தெரியும்?"

"எந்த ஓட்டலுக்குப் போனாலும், மெனுவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நீ பாத்ரூம் எங்கேன்னுதானே பார்க்கிறே?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"பயந்துக்கிட்டிருந்தே. நீயா சொல்றப்ப சொல்லுன்னு விட்டுட்டேன்."

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவன் சொன்னான்:

"சாயங்காலம் திரும்பிப் போறப்பவும் நான்தான் ஓட்டறேன். டயர்னு சொன்னா இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. பிரேக்குனு சொல்லிக்கிறேன்."