சம்மத முத்திரை

இனிமேல் விதிகளைத் திருத்த உறுப்பினர்களின் கருத்தைக் கேட்க வேண்டியதில்லை என்ற திருத்தத்துக்குக் கருத்துக் கேட்டு, மருந்தாளுநர் சங்கம் எண்ணூறு கடிதங்கள் அனுப்பியிருந்தது. கெடு முடிந்தபோது வந்திருந்த பதில்கள் பதினொன்று, பதினொன்றும் மறுப்பு. பதில் வராவிட்டால் சம்மதம் என்பது சங்கத்தின் பழைய விதி. பகல் முழுக்க அரசு மருத்துவமனையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த இணைச்செயலாளர் பொற்கொடி, மீதிப் பேரின் உறுப்பினர் அட்டைகளில் 'சம்மதம்' என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. 'காலமானார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பிய உறைகளைச் செயலாளரிடம் காட்டினாள்.

"இவங்கள என்ன சார் பண்றது?"

"அவங்களும் மறுக்கலையேம்மா. குத்துங்க."

குத்தினாள். அடுத்த அட்டையின் புகைப்படத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள். குத்திய பிறகுதான் பெயரைப் பார்த்தாள். பொற்கொடி. அவளுடைய அட்டையேதான், சங்கத்தில் சேர்ந்தபோது எடுத்த படம். அவளுக்கு வந்த கடிதம் மூன்று வாரமாகச் சாப்பாட்டுப் பையில் மடித்தபடி கிடந்தது.

கட்டைவிரலால் அழித்துப் பார்த்தாள். மை அந்தப் பெண்ணின் வாய்மேல் இழுபட்டது.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்று அடுத்த அட்டையை எடுத்தாள்.