கலரைக் கூட்டாதீங்க

எங்கள் தெரு ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தொட்டால், யாராக இருந்தாலும் படத்தில் ஒரு சுற்று வெளுத்துத்தான் வெளியே வருவார்கள். டீச்சரம்மா மகளோடு அங்கே நுழைந்ததுமே, வரன் வந்துவிட்டது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

“கலரைக் கொஞ்சம் கூட்டி வெச்சா பளிச்சுனு இருக்கும்மா. மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே?”

“கூட்டாதீங்கண்ணே. கேமராவ நேச்சுரல்லயே வைங்க,” என்றார் டீச்சரம்மா.

“அப்புறம் டல்லா இருக்குன்னு என்னைச் சொல்லக் கூடாது.”

“வலது கண்ண மட்டும் கிட்டத்துல எடுத்தாப் போதும்.”

“கண்ண மட்டுமா? நல்ல கூத்து,” என்று சிரித்தார் ஸ்டுடியோக்காரர்.

மகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இடது கண்ணு செயற்கை, அங்கிள். விபத்துக்கு முன்னாடி நீங்க எடுத்த போட்டோவப் பாத்துத்தான் அதுக்கு நிறம் கொடுத்தாங்க. இப்ப ரெண்டும் ரெண்டு பேரோட கண்ணு மாதிரி இருக்கு.”