பெண்களுக்கு இடமில்லாத குளம்

“பொம்பளைங்க ஒருத்தி பாக்கியில்லாம வெளிய வரணும். ஆம்பளைங்க மட்டும் உள்ள இருந்தா போதும்,” என்றார் கொசாசி, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றபடி.

பக்கத்து மூங்கில் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள். “ஏன் கொசாசி மாங், நாங்க இறங்கினா உங்க குளம் தாங்காதா?” என்றாள் ஒருத்தி. கொசாசி அசடு வழிந்து, கையில் துள்ளிய ஜிலேபிக் கெண்டையைத் தூக்கிக் காட்டினார்.

இமாஸ் வீட்டுப் பின்புறக் குளம் நாலு பாய் விரிக்கும் அகலம்தான். அதில் கெண்டை குஞ்சு பொரித்துக் குஞ்சு பொரித்து, தண்ணீரைவிட மீன் அதிகமாகிவிட்டது. ஒன்றாவது உள்ளங்கையைத் தாண்டி வளர வேண்டுமே! எல்லாம் சேர்ந்து அடிச்சேற்றைக் கிளறி, குளம் பால் விட்ட காப்பி மாதிரி கிடந்தது. விடிந்தால் அத்தனையும் காற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நின்றன.

பெண் மீன்களைப் பொறுக்கி எடுத்துவிட்டால் குஞ்சு நின்றுவிடும், ஆண் மீன்கள் கொழுக்கும். மீனைப் புரட்டி அடிவயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஆணா பெண்ணா என்று சொல்ல, அந்த வட்டாரத்தில் கொசாசியை விட்டால் ஆளில்லை. மாதம் ஒருமுறை வருவார். அரை நாள் வேலையை மூன்று நாள் செய்வார். கூலி என்று பேச்செடுத்தால் காது கேட்காதவர்போல் இருப்பார்.

மனைவியை இழந்த மனிதர், கணவனை இழந்த இமாஸ் வீட்டுக்குச் சும்மா போய்வர முடியுமா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஆனால் குளத்தில் இறங்கி நிற்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பொறுக்கிய பெண் மீன்களை இமாஸ் வாளியோடு சமையல்கட்டுக்குத் தூக்கிப் போவாள். மதியம் அவருக்குச் சோறும் சம்பலும் வறுத்த டெம்பேயும் வரும். ஐந்து மாதமாக அதே சோயாக் கட்டிதான். அவள் கையால் வந்ததால் அவர் விருந்தென்று சாப்பிட்டார்.

அப்படியும் மாதாமாதம் குளத்தில் புதுக் குஞ்சுகள் கொசுபோல மொய்த்தன. இமாஸின் அண்ணன் ஹாஜி ருக்மானா இன்று மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

“குளத்த வடிச்சே பாத்துடறது. ஒரு பொம்பள மீன் கிடைச்சாலும் சரி, நாளைக்கு லாரியில மண்ணு வருது. மூடிட்டு பைக் நிறுத்திக்கறேன்.”

கொசாசி மண்வெட்டியைப் பார்த்தார். குளம் போனால் இந்த வாசலும் அல்லவா போகும்!

ஹாஜி மடையைத் திறந்தார். தண்ணீர் வடிய வடிய, சேறு முழுக்க மீன் துள்ளியது. ஒன்று அவர் மூக்கில் அடித்தது. இன்னொன்று கைலிக்குள் புகுந்தது. அதைப் பிடிக்கப் போன ஹாஜி வழுக்கி, சப்பென்று சேற்றில் உட்கார்ந்தார். குழாயடிப் பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே ஹாஜி ஒரு மீனைப் பிடித்தார். அது வாயைத் திறந்து, உள்ளே அடைகாத்த குஞ்சுகள் அத்தனையையும் அவர் சட்டையில் துப்பியது.

“இது ஆம்பளையா?” என்றார் ஹாஜி.

கொசாசி அதை வாங்கி வாளியில் போட்டார். அடுத்ததும் பெண். மூன்றாவது வந்தபோது அவரே நெற்றியைச் சுருக்கினார். கடைசி மீன்வரை புரட்டிப் பார்த்து முடித்தபோது வாளியில் பன்னிரண்டு பெண் மீன்கள்.

“போன மாசம் ஒண்ணு விடாம எடுத்துட்டேன்னு சொன்னியே. கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல எங்களுக்கே தண்ணி காட்டறியா?”

கண் மங்கிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். சொன்னால் நாளைக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்? சமையல்கட்டு வாசலில் இமாஸ் நிற்பதைக் கொசாசி பார்த்தார். ஐம்பது வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று அவர் நினைத்ததில்லை.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது ஹாஜி. மாசாமாசம் ரெண்டு பொம்பள மீன நானேதான் உள்ள விட்டுட்டுப் போவேன். குளம் சரியாயிட்டா, அப்புறம் நான் எந்தச் சாக்கச் சொல்லி இந்த வீட்டுக்கு வர்றது?”

ஹாஜியின் முகத்தில் சேறில்லாத இடமெல்லாம் சிவந்தது.

“ரெண்டா? இங்க பன்னெண்டு கிடக்கு. மீதியெல்லாம் மழையோட விழுந்துச்சா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது. நான் விட்டது ரெண்டே ரெண்டு.”

ஹாஜி தங்கையின் பக்கம் திரும்பினார். “கேட்டுக்க இமாஸ். செய்யறதையும் செஞ்சுட்டு, அதுலயும் பொய். இந்தாள இனிமே வாசப்படி ஏத்தாத.”

இமாஸ் தலைத்துணியின் நுனியைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

“அவர் பொய் சொல்லல, ஹாஜி அண்ணே. மீதிப் பத்தும் வாளியிலேர்ந்து நான் திருப்பி விட்டது.”