போறேன்

தீவிரவாதி பீரங்கிக்கு எதிரே வந்து நிற்பதில்லை என்பது ஏழு நாட்டுக் கூட்டுப்படைக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பீரங்கிகளை உறை போட்டு மூடினார்கள். குண்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவன் வீடு திரும்பமாட்டான். ஆகவே 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல் வெறும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புகிற எவரையும் தெருமுனையிலேயே சுடலாம் என்று முடிவானது. வீட்டுக்கு வீடு மைக் வைத்தார்கள். ஏழு நாடும் பங்கு போட்டு ஒரு ஹெட்போன் வாங்கி, டாங்கி ஓட்டிக்கொண்டிருந்த மாசிலாமணியின் காதில் மாட்டினார்கள்.

ஒரு நாள் அவன் வீட்டையே கேட்கிற முறை வந்தது.

"எங்கடி பெட்டியும் கையுமா?" பக்கத்து வீட்டுக்காரியின் குரல்.

"நான் போறேன்க்கா. இந்த மனுஷனோட குப்பை கொட்டினது போதும்." அவன் மனைவி செண்பகம்.

மாசிலாமணியின் முகம் வெளுத்ததைப் பக்கத்தில் நின்ற அவனது மேலதிகாரி சுபேதார் பார்த்துவிட்டார். "என்னய்யா சொல்லிட்டுக் கிளம்புறா? தெருமுனையில ஆள் குறி பாத்துட்டு நிக்கிறான், சட்டுனு சொல்லு."

"போயிட்டு வர்றேன்னு சொன்னா சார்."

"நல்லாக் கேட்டியா? வர்றேன்னாளா?"

"சாயங்காலமே வந்துடுவாளாம் சார்."

சுபேதார் அடுத்த வீட்டுக்கு மாற்றச் சொன்னார். மாசிலாமணி மாற்றவில்லை. ஆளில்லாத வீட்டில் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.