நாற்பது டின் மிச்சம்

“நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?” வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி ஒஜாரா கேட்ட கேள்வி இது. ஆறாவதோடு நின்றவள் என்பதை லமுனு தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆனாலும் ஜல்லிக் கணக்கை நம்பி அவளிடம் கொடுத்தார்.

குலு நகரத்துப் பள்ளியில் புது வகுப்பறைக்கு இன்று தரை போட்டு முடிந்தது. வகுப்பறை வாசலில் நாற்பது டின் ஜல்லி மிஞ்சிக் கிடந்தது. ஒஜாரா லமுனுவைக் கூப்பிட்டார்.

“இருநூறு டின் போதுற இடத்துக்கு இருநூத்தி நாப்பது சொல்லியிருக்கே. எப்படிக் கணக்குப் போட்டே?”

“டின்னைத் தலைதட்டிப் போட்டேங்க.”

“கல்லுடைக்கிற பொம்பளைங்க குவிச்சுல்ல அளப்பாங்க? நீயே குவாரியில வளர்ந்தவதானே? பச்சப்புள்ள கூட இப்படித் தப்புப் போடாது.”

கலவை போட்டவர்கள் சிரித்தார்கள்.

“அளவு டேப்பை வெச்சுட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வராதே. இப்ப இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுறது?”

லமுனு டேப்பை ஜல்லி மேல் வைத்தாள். தலைநிமிராமல் சொன்னாள்.

“கேட்டிலேருந்து வகுப்பு வரைக்கும் பத்துத் தப்படி. ரெண்டு தப்படி அகலத்துல நாலு விரக்கடை கனத்துக்குப் பரப்புனா நாப்பது டின் சரியா இருக்கும். பாதைக்குன்னு கேட்டா பள்ளிக்கூடக் கமிட்டியில தர மாட்டாங்க, அதான் கூட்டிச் சொன்னேன். மேல செம்மண் போட்டு இடிச்சுட்டா சக்கர நாற்காலி சேத்துல புதையாதுங்க. உங்க மக அபேரை நீங்க தினமும் முதுகுல சுமந்துட்டு வர வேண்டாம்.”

சிரிப்பு நின்றது.

ஒஜாரா டேப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு கேட் வரைக்கும் தப்படி வைத்து அளந்துகொண்டே போய்விட்டார்.